அக்கி, உதட்டுக் கொப்புளம், சளிக்காய்ச்சல்: இவற்றுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானதிலிருந்து, அக்கிக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டால் மறதிநோய் வராது என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் மறதிநோய் கண்ட பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினர் அதையொட்டிக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அந்தச் செய்தியில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. எந்தப் பகுதி உண்மை, எந்தப் பகுதி மிகை என்று பிரித்துப் பார்க்காவிட்டால், வீண் பயமும் வீண் செலவும்தான் மிஞ்சும்.

வைரஸ் தொற்றினால்தான் மறதிநோய் வருகிறது என்று உறுதியாகிவிட்டதா?

இல்லை. சில வைரஸ் தொற்றுகள் கண்டவர்களிடையே, பிற்காலத்தில் மறதிநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. ஆனால் மறதிநோய் என்பது ஒற்றை நோயன்று. அல்சைமர் நோய், மூளை இரத்தக்குழாய் அடைப்பினால் வருவது, இரண்டும் கலந்து வருவது எனப் பல நோய்களுக்கும் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர் அது. வயது, மரபு, இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன் குறைதல் எனப் பல காரணங்கள் பல ஆண்டுகள் சேர்ந்து உருவாக்கும் நிலை அது என்பதால், வைரஸ் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்வதே முறை. அந்த அளவிலேயே இது மிக முக்கியமான செய்தி என்பது என் கருத்து. வயதையும் மரபையும் நம்மால் மாற்ற முடியாது. தொற்றைத் தடுக்கவும் மருந்து கொடுக்கவும் முடியும்.

இந்த எண்ணம் புதியதா?

புதியதன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பணியாற்றிய ரூத் இட்சாக்கி என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், இறந்துபோன முதியவர்களின் மூளைத் திசுவில் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்னும், உதட்டுக் கொப்புளம் தரும் வைரஸின் மரபுப்பொருள் இருப்பதை 1991ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அல்சைமர் நோய் இருந்தவர்களின் மூளையில் மட்டுமன்றி, அந்நோய் இல்லாதவர்களின் மூளையிலும் அது இருந்ததுதான் சிக்கல். பிறகு 1997இல், அந்த வைரஸும் ஏபிஓஇ-4 என்னும் மரபணு வகையும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போதுதான் அல்சைமர் நோய்க்கான ஆபத்து உயர்கிறது என்று அக்குழுவினர் எழுதினார்கள். அந்நாளில் ஆராய்ச்சி உலகம் பெரும்பாலும் அமிலாய்டு என்னும் புரதப் படிவையே நோக்கிக்கொண்டிருந்ததால், இட்சாக்கியின் கருத்துக்கு நெடுநாள் ஆதரவு கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில்தான் பெரிய மக்கள்தொகைப் பதிவேடுகளைக் கொண்டு இதைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது உதட்டில் கொப்புளம் வருகிறது. நான் பயப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. காய்ச்சலின்போதும், வெயிலிலும் பனியிலும் அலைந்தபின்பும் உதட்டோரத்தில் கொத்தாக எழும் அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் மேலே சொன்ன ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மறதிநோய் வருவதேயில்லை.

தைவானில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹெர்பீஸ் தொற்றுக்காக மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சென்ற 8,362 பேரையும் அத்தொற்றுப் பதிவில்லாத 25,086 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் குழுவில் மறதிநோய் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. வைரஸுக்கான மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆயினும் அவர்கள் கடுமையான தொற்று கண்டவர்கள். எப்போதோ ஒருமுறை வந்து பத்து நாளில் ஆறிவிடும் கொப்புளத்துக்கு அந்த எண்ணிக்கையைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

உதட்டில் இருக்கும் வைரஸ் மூளைக்கு எப்படிப் போகிறது? என்ன செய்கிறது?

ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒருமுறை உடம்பில் நுழைந்தால் வெளியேறுவதில்லை. அவற்றுள் உதட்டு வைரஸும் அக்கியைத் தரும் வைரஸும், புண் ஆறியதும் நரம்பு வழியே பின்வாங்கி, நரம்பு முடிச்சுகளில் ஓசையின்றித் தங்கிவிடுகின்றன. உதட்டு வைரஸ் தங்கும் முடிச்சு, முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் அடியில், மூளைக்கு மிக அருகில் இருக்கிறது. முதுமையில் எதிர்ப்புச் சக்தி தளரும்போது அது அவ்வப்போது விழித்து மூளையின் பக்கம் நகர்ந்து, அங்கே சிறு சிறு அழற்சியை உண்டாக்கலாம் என்று கருதப்படுகிறது.

அமெரிக்காவில் ராபர்ட் மோயர், ருடால்ஃப் டான்சி ஆகியோர் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்க ஒன்றைக் கண்டார்கள். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் கிருமிகளைச் சூழ்ந்து சிறைப்படுத்தும் ஆற்றல் உடையது என்பதே அது. அப்படியானால் அந்தப் படிவு, மூளை தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த முயற்சி அளவுக்கு மீறிப் போனதன் விளைவாகவும் இருக்கலாம். இது இன்னும் முழுமையாக மெய்ப்பிக்கப்படாத விளக்கம்தான்.

அக்கி வந்தவருக்கு ஆபத்து கூடுதலா?

இந்தக் கேள்வி நம் மலையில் அடிக்கடி எழுகிறது; இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்னம்மை வந்து வேப்பிலைப் படுக்கையில் கிடந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அம்மை போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். போகவில்லை. அந்த வைரஸ் முதுகெலும்பையொட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் தங்கியிருந்து, ஐம்பது வயதுக்குமேல் ஏதேனும் ஒரு நரம்பின் வழியே வெளிவரும்போது அக்கி ஆகிறது. அதனால்தான் கொப்புளங்கள் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், விலாவிலோ நெற்றியிலோ பட்டையாக எழுகின்றன. எரிச்சல் தாங்க முடியாமல் இருக்கும். இந்த வைரஸ் மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர்களையும் தாக்கவல்லது. அக்கி கண்டபின் சில காலம் பக்கவாத ஆபத்து உயர்வது இதனால்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மூளைத் திசுவில், அக்கி வைரஸ் அங்கே உறங்கிக்கொண்டிருந்த உதட்டு வைரஸை எழுப்பிவிடுவதையும் இட்சாக்கி உள்ளிட்ட குழு 2022இல் காட்டியிருக்கிறது. எனவே மறதிநோயோடு அக்கிக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு நியாயமான அடிப்படை உண்டு.

நடைமுறையில் நான் வருந்துவது வேறொன்றைப் பற்றி. விலாவில் அக்கி எழுந்ததும், காவியைக் குழைத்து அதைச் சுற்றி எழுதிவிட்டால் படராது என்று காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. காவி எழுதுவதால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கலாம்; அதை யாரிடமும் பறிக்க நான் விரும்பவில்லை. ஆனால் அக்கி வைரஸை எதிர்க்கும் மாத்திரை, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால்தான் நன்றாக வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை எழுதிவிட்டு, குறையவில்லை என்று வியாழக்கிழமை பேருந்து ஏறி வருபவருக்கு அந்த வாய்ப்புப் பறிபோய்விடுகிறது. எழுத நினைப்பவர்கள் எழுதட்டும். ஆனால் அன்றைக்கே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ எழுந்தால், பார்வையே போகக்கூடும் என்பதால், ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது.

வேல்ஸ் ஆய்வு உண்மையில் என்ன சொன்னது?

வேல்ஸில் 2013 செப்டம்பர் 1 அன்று அக்கி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி வகுக்கப்பட்டது. 1933 செப்டம்பர் 2ஆம் நாளோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஊசிக்குத் தகுதி பெற்றார்கள். அதற்கு முன் பிறந்து 80 வயது நிறைந்துவிட்டவர்களுக்கு எப்போதுமே தகுதி கிடையாது. ஆகவே ஒரே வாரத்துக்கு முன்னும் பின்னும் பிறந்த, கல்வியிலும் உடல்நிலையிலும் வருமானத்திலும் வேறுபாடில்லாத இரண்டு குழுக்களில், ஒன்றில் ஏறத்தாழ யாருமே ஊசி போடவில்லை, மற்றதில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் போட்டார்கள். நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தானே ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்கு மறதிநோயும் குறைவு என்று வழக்கமாக எழுப்பப்படும் ஐயத்துக்கு இங்கே இடமில்லை. யாருக்குத் தகுதி என்பதைப் பிறந்த தேதி மட்டுமே முடிவுசெய்தது.

ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட மறதிநோய் 3.5 விழுக்காட்டுப் புள்ளி, அதாவது நூறு பேருக்கு மூன்றரைப் பேர் என்ற அளவில், குறைந்திருந்தது. ஊசி இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய மறதிநோயில் இது ஐந்தில் ஒரு பங்கு. பெண்களிடம் இந்தப் பயன் தெளிவாகவும் ஆண்களிடம் குறைவாகவும் தெரிந்தது. நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியான இந்த முடிவை அடுத்து, ஆஸ்திரேலியாவிலும் பிறந்த தேதியைக் கொண்டு இதே முறையில் பார்த்தார்கள். அங்கும் குறைவு தெரிந்தது, அளவு 1.8 விழுக்காட்டுப் புள்ளி. ஆக, ஊசி போட்டால் மறதிநோய் வரவே வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது.

குறைந்ததற்குக் காரணம் அக்கி வராமல் தடுத்ததா, அல்லது ஊசியே எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகச் சீர்படுத்தியதா என்பதும் முடிவாகவில்லை.

அந்த ஊசி இங்கே கிடைக்கிறதா? என் மாமியாருக்குப் போடலாமா?

வேல்ஸிலும் ஆஸ்திரேலியாவிலும் போடப்பட்டது சோஸ்டாவாக்ஸ் என்ற பழைய உயிர்த்தடுப்பூசி. இந்தியாவில் 2023 முதல் கிடைப்பது ஷிங்ரிக்ஸ் என்னும் புதிய வகை. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போடப்படுகின்றன. அக்கியைத் தடுப்பதில் பழையதைவிட இது மிகத் திறமானது. மறதிநோயைப் பொறுத்தவரை, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் அமெரிக்கப் பதிவுகளைக் கொண்டு இரண்டு ஊசிகளையும் ஒப்பிட்டு, பிற்காலத்தில் மறதிநோய் காணும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் புதிய ஊசி நோயற்ற காலத்தை 17 விழுக்காடு, அதாவது சுமார் 164 நாள், நீட்டித்திருப்பதாகக் கணக்கிட்டார்கள்.

இந்த ஊசி அரசின் இலவசத் திட்டத்தில் இல்லை, விலையும் அதிகம். என் ஆலோசனை இதுதான்: அக்கியின் வலியிலிருந்து காப்பாற்றிக்கொள்வதற்காக, கையில் பணம் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள், மூளைக்கு நன்மை கிடைத்தால் அது கூடுதல் பயன். மறதிநோயைத் தடுப்பதற்காக மட்டும் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போட வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாக, இரத்த அழுத்த மாத்திரையை ஓராண்டு தவறாமல் சாப்பிடலாம். அதனால் கிடைக்கும் பயன் உறுதியானது.

அம்மாவுக்கு ஏற்கெனவே அல்சைமர் நோய். வைரஸ் மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

ஆகாது, கொடுக்கவும் வேண்டாம். இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாவணகெரே தேவானந்த் தலைமையிலான குழு, அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருந்த, இரத்தத்தில் ஹெர்பீஸ் எதிர்ப்பொருள் காணப்பட்ட 120 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு வலசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை நாளொன்றுக்கு 4 கிராம் வரையிலும், மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையையும் 78 வாரங்கள் கொடுத்தது. 2025இல் வெளியான முடிவில், மருந்தினால் பயன் எதுவும் தெரியவில்லை. நினைவுத் தேர்வில் மருந்து எடுத்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே சரிந்திருந்தார்கள்.

இந்தத் தோல்வியால் வைரஸ் கருத்தே பொய்த்துவிட்டது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. மூளையில் மாற்றங்கள் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் மறதி வெளியே தெரிகிறது என்பதால், வைரஸுக்கு ஒரு பங்கு இருந்திருந்தாலும், அது தன் வேலையை முன்னமே முடித்திருக்கலாம். ஆனால் இன்று உங்கள் அம்மாவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தச் சோதனை தெளிவான விடையைத் தந்துவிட்டது.

மறதிநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா?

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். அக்கிக் கொப்புளத்தின் நீர் மட்டும், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மையைத் தரக்கூடும். அது காய்ந்து பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் விலகியிருப்பது நல்லது.

நிமோனியா வந்தபின் மாமனார் ஆளே மாறிவிட்டார். இது மறதிநோயா?

அதுவரை நல்லறிவோடு இருந்த ஒருவர் ஓரிரு நாளில் குழம்பிப்போனால், அதை மறதிநோய் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர் நிமோனியாவில் படுத்த மூன்றாம் இரவு, கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, எடை போட நேரமாச்சு, கொழுந்தை எடுத்து வா என்று மருமகளை அதட்டியிருக்கிறார். மாமா, படுங்க, இன்னும் விடியலை என்று அந்தப் பெண் எவ்வளவு சொல்லியும் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. காய்ச்சல் தணிந்து, மூச்சுத் திணறல் குறைந்தபின் நாளடைவில் தெளிந்துவிட்டார். இதைத் திடீர்க் குழப்பநிலை என்பார்கள். சளிக்காய்ச்சல் (ஃப்ளூ), சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்பும் நீரும் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகிய எதனாலும் அது வரலாம். அடிப்படைக் காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் மீளும்.

ஆனால் இதை அலட்சியமாக விடவும் கூடாது. இப்படிக் குழம்பி மீண்டவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஃபின்லாந்தில் சுமார் 3 லட்சம் பேர், பிரிட்டனில் சுமார் 1 லட்சம் பேர் ஆகியோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், வைரஸ் தொற்றுகளுக்கும் நரம்புச் சிதைவு நோய்களுக்கும் இடையே 22 தொடர்புகள் காணப்பட்டன. வைரஸ் மூளைக்காய்ச்சலுக்கும் அல்சைமர் நோய்க்கும் இடையிலான தொடர்புதான் மிக வலுவானது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிய சளிக்காய்ச்சலும் நிமோனியாவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும் நம் ஊர்களில், முதியவர்களுக்கு ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுவதைப் பற்றி மழைக்காலத்திலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

கோவிட் வந்தவர்கள் எல்லோருக்கும் மறதிநோய் வருமா?

வராது. பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை எடுத்த மூளைப் படங்களை ஒப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வில், அந்த இடைவெளியில் கோவிட் கண்டவர்களுக்கு மற்றவர்களைவிட வாசனையோடு தொடர்புடைய பகுதிகளில் சிறு தேய்மானம் கூடுதலாகத் தெரிந்தது. அது பின்னாளில் நோயாக வளருமா என்று சொல்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் கடக்க வேண்டும்.

வைரஸைத் தவிர, எதைக் கவனிக்க வேண்டும்?

லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணக்கிட்டது. வைரஸ் தொற்று அந்தப் பதினான்கில் இடம்பெறவில்லை. நம் மலை வாழ்க்கையில் அவற்றுள் மூன்று எனக்கு முதன்மையாகப் படுகின்றன. ஒன்று, இரத்த அழுத்தம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் தலைசுற்றல் இல்லை என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது, காது. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் காது மந்தமானதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு ஒதுங்கிப்போகிறார்கள். காதுகேள் கருவி பொருத்தினால் அவர்கள் மீண்டும் பேச்சில் கலந்துகொள்வார்கள். மூன்றாவது, புகை. குளிருக்குக் கதவு சன்னலை அடைத்துவிட்டுக் கரியடுப்பு மூட்டிப் படுப்பது அன்றிரவே உயிரைப் பறிக்கவல்லது. தப்பினாலும், நாள்தோறும் புகையைச் சுவாசிப்பது மூளைக்கு நல்லதன்று.

எந்த அறிகுறி தெரிந்தால், எங்கே போக வேண்டும்?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் நடந்த பாதையில் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது, ரேஷன் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறுவது, காலையில் நடந்ததை மாலையில் அறவே மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, உலையில் அரிசி போட்டபின் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது ஆகியவை ஆறு மாதமாகத் தொடர்ந்தால் காட்ட வேண்டும். முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. மேற்பரிசோதனைக்கு உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்பவர் மனம் உடைந்துபோனால் டெலி-மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. போகும்போது, அவருக்கு அக்கி, மூளைக்காய்ச்சல், நிமோனியா ஆகியவை எப்போது வந்தன, எத்தனை நாள் குழம்பியிருந்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.